நான் எழுதிய மூன்று சமாதானத் தாள்கள்

நேற்றுப் பிற்பகல் தொலைக்காட்சியில் வேறு எதையோ தேடியபோது அந்தப் பழைய அமெரிக்கத் தொடர் வந்து நின்றது. குளம்பொலி, புழுதி, சட்டையில் நட்சத்திரம் குத்திக்கொண்டு குதிரையில் ஊர் ஊராகப் போகும் அதே காவல் அதிகாரி. உயிரோடு இருந்தவரை உங்களுக்குப் பிடித்தவர். கோபத்தோடு உடனே அணைத்தேன்.

கடலூரில் நீங்கள் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஞாயிறு காலைகளில் அது நம் வீட்டில் ஓடும். அந்த ஆங்கிலம் உங்களுக்குப் பிடிபடாது. கான்வென்டில் படித்த மனைவி என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்வீர்கள். அவர் புது ஊரில் வந்து இறங்குவார். ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்து வைத்துச் சமரசம் பேசுவார்கள். அவர் குற்றவாளிக்கு விலங்கு மாட்டி இழுத்துப் போவார். "பாத்தியா, ஒருத்தன் மொகத்துக்காவது பயந்தானா?" என்பீர்கள், ஏதோ நீங்களே மாட்டியதுபோல.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான், தேவனாம்பட்டினத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை, கூடையில்லாமல், உதடு கிழிந்து, கைக்குழந்தையோடு வந்து நின்றாள். புருஷன் அடித்திருந்தான். கேஸ் போடச் சொன்னாள். தொடர் முடியும்வரை அவளைப் பின்வாசலில் உட்காரவைத்தீர்கள். பிறகு புருஷனையும் ஊர்ப் பஞ்சாயத்தாரையும் வரவழைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினீர்கள். எழுதியவள் நான். என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்று தாளை என்னிடம் நீட்டினீர்கள். அவன் கைநாட்டு வைத்தான். அவளும் வைத்தாள்.

இன்னும் இரண்டு முறை வந்தாள். இன்னும் இரண்டு தாள் எழுதினேன். நான்காம் முறை மருத்துவமனையிலிருந்து செய்திதான் வந்தது. இடது கண் போய்விட்டது. அன்று உங்களைக் கேட்டேன். "பஞ்சாயத்தாரப் பகைச்சுக்கிட்டு நான் ஸ்டேஷன் நடத்த முடியுமா?" என்றீர்கள். அடுத்த ஞாயிறும் தொடர் பார்த்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

போன மாதம் அஞ்சலை என்னைத் தேடி, நான் இப்போது இருக்கும் சிதம்பரத்துக்கே வந்தாள். அன்றைய கைக்குழந்தையை இந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மருமகன் அடிக்கிறானாம்.

"ஐயா இருந்தப்ப எழுதினாப்புல ஒரு பேப்பர் எழுதிக் குடுங்கம்மா. உங்க எழுத்துன்னா ஒரு மருவாதி இருக்கும்."

ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து அதையே கேட்டாள். நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

நான் புகார் எழுதினேன். நாள், நேரம், காயம், சாட்சி. தாயையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றிக் காவல் நிலையம் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எதற்குக் கேஸ், அவனிடம் எழுதி வாங்கிவிடுகிறேன் என்றார்.

"நானும் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டிதாம்மா. எழுதி வாங்கினா என்ன ஆவும்னு இவ மொகத்தப் பாருங்க," என்றேன்.

அவர் பார்த்தார். பிறகும் எளிதில் நடக்கவில்லை. வழக்குப் பதிவாகி நகல் கைக்கு வர மாலை ஐந்தாகிவிட்டது. அதுவரை மூவரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் இப்போது தாயோடு இருக்கிறாள்.

உங்களை நல்ல மனிதர் என்று இன்னும் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. கை நீட்டி ஒரு காசு வாங்காதவர், என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். அதனால்தான் இந்தக் கோபம் ஆறாமல் என்னோடு இருக்கிறது. செய்ய முடியாதவர் செய்யவில்லை என்றால் விட்டுவிடலாம். உங்களால் முடிந்திருக்கும். அதற்கு ஒரு பகல் போதும் என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.