எட்டாவது சிப்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். இவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய மெமரி போர்டு செவ்வாய்க்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. இருபத்தாறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து போர்டு கேட்டுக் கடிதம் வந்தபோதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் உங்கள் கையாலேயே செய்து அனுப்பினீர்களே, அந்த மனசுக்கு எப்படி நன்றி சொல்வேன்! நான் எழுதியது இவருக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நீங்களும் இவரும் சேர்ந்து செய்த அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டார். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். மெமரி போதவில்லை, சதுரங்கம் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஒரே புலம்பல்.

பார்சலைப் பிரித்ததும், அனுப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனியாகச் சுற்றி வைத்திருந்த எட்டு சிப்பிலும் ஒரு முனையில் சிவப்புப் பொட்டு. தலைகீழாகச் செருகிவிடக் கூடாதென்று அண்ணியின் நகப்பூச்சால் அந்தக் காலத்திலேயே நீங்கள் வைக்கும் அடையாளம். இவர் நேராகப் போய், இருபத்தாறு வருடத்துக்கு முன் உங்கள் இருவருக்கும் சண்டை வந்த அன்று புகைந்துபோன போர்டைத் தேடி எடுத்தார். சிப்பை நீங்கள்தான் தப்பாகச் செருகினீர்கள் என்று உங்களிடம் கத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இவர் டப்பாவில் போட்டு மூடியது அது. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கருகிய சிப் தலைகீழாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பொட்டு இல்லை. பொட்டெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று உங்களைக் கேலி செய்துகொண்டே இவர் செருகிய வரிசை அது.

தப்பு என்னோடதுதான் என்று என்னிடம் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்பது இதுவே முதல் தடவை. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

புதிய போர்டில் எட்டு சிப்பையும் பொட்டுப் பார்த்து, மூன்று தடவை சரிபார்த்துச் செருகினார். சுவிட்சைப் போட மட்டும் என்னைக் கூப்பிட்டார். ஓடியது, அண்ணா! சதுரங்கக் கட்டம் முழுசாக வந்தது. கொஞ்ச நேரத்திலேயே கம்ப்யூட்டரிடம் தோற்றார். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு சிப்பைக் கழற்றி, அலுமினியத் தாளில் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டார். எட்டில் ஒன்று குறைந்தாலும் அந்த போர்டு வேலை செய்யாதாம். பின்னே ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். அதை அவன் வந்து போடட்டும் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நீங்களே கூப்பிட்டால் என்ன என்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்கிறார்.

அதனால் நான் கூப்பிடுகிறேன். பழி சுமந்தவர் நீங்கள், இருந்தும் ஒரு வார்த்தை கடிந்து எழுதாமல் பொட்டு மட்டும் வைத்து அனுப்பினீர்கள். உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. இவர் தினமும் அலமாரியைத் திறந்து அந்தப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து வாசலையும் பார்க்கிறார்.

வந்துவிடுங்கள், அண்ணா.

நன்றி மறவாத,
உங்கள் தங்கை