சுவற்றில் அல்ல, சுவரில்

பாப்பா,

என் வலைப்பூவுக்கு இதுவரை இருந்த ஒரே வாசகர் எதிர்வீட்டு ஜெயக்கொடி. அவரும் படிக்காமலே லைக் போடுகிறவர்.

போன திங்கட்கிழமை கோரிப்பாளையம் நெரிசலைப் பற்றி எழுதினேன். 'நடந்து போகிறவர்கள் சுவற்றில் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது' என்று ஒரு வரி. பத்தே நிமிடத்தில் 'வழிப்போக்கன்' என்ற பெயரில் பின்னூட்டம் வந்தது: 'சுவற்றில் அல்ல, சுவரில். எத்தனை தடவை சொல்வது?'

அந்தப் பெயரில் யாரும் அதற்கு முன் என் பக்கத்துக்கு வந்ததே இல்லை. ஏழாம் வகுப்பிலிருந்து என்னிடம் இதையே சொல்லிவந்தவள் நீ ஒருத்திதான். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இம்புட்டு அதிகாரமா ஒங்ககிட்ட வேற யாரு பேசுவா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பைப் பற்றி எழுதினேன். புதன்கிழமை மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றி. இரண்டிலும் வேண்டுமென்றே ஒரு 'சுவற்றில்' வைத்தேன். இரண்டுக்கும் வழிப்போக்கன் ஓடி வந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உன் முகவரியை அம்மாதான் கொடுத்தாள். நாம் பேசிக்கொள்ளாத இந்த நான்கு வருடமும் அது அவளிடம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையையும் என் வலைப்பூவைப் படிக்கச் சொல்.

நம் வீட்டுக் கூடத்துச் சுவற்றில் உங்கள் கல்யாணப் படத்துக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். இந்தப் பிழையை மட்டும் இரண்டு பேரும் நேரில் வந்து திருத்துங்கள்.

உன் அப்பா