கிராதியில் சொல்ல வேண்டிய சொல்

7 ஜூன் 1964
பூசை முடிவில் பங்குச் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். வரும் ஞாயிறு முதல் நன்மை அப்பம் வாங்கும் முறை மாறுகிறது. இதுவரை குருவே லத்தீனில் நீண்ட செபம் சொல்லி, முடிவில் ஆமெனும் அவரே சொல்லிக்கொள்வார். பீடத்துக்கு முன்னால் கிராதியில் மண்டியிட்டிருக்கும் நாங்கள் வாயைத் திறந்தால் போதும். இனி அவர் ‘கோர்புஸ் கிறிஸ்தி’, கிறிஸ்துவின் சரீரம், என்பார். வாங்குகிறவர் ‘ஆமென்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தருவார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவைத்தேன்.

8 ஜூன்
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஜனவரியில் இன்னாசி மூளைக்காய்ச்சலில் போனான். ஒரே மகன். அவனுக்குக் கடைசி நேரத்தில் சாமியார் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோது, ஒவ்வொரு செபத்துக்கும் எல்லோரையும்விடத் தெளிவாக ஆமென் சொன்னது நான்தான். அன்றிலிருந்து, செபிக்க உட்கார்ந்தால் எதிரே யாரும் இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபித்துக்கொள்ளவாவது ஒருவர் வேண்டுமே.

ஆனாலும் ஞாயிறுதோறும் போய் நன்மை வாங்கி வந்தேன். மரியாதையான குடும்பம், போகாவிட்டால் பேசுவார்கள். வாயைத் திறப்பது மட்டும் பொய்யாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனி?

11 ஜூன்
உதவிச் சாமியார் வியாகப்பன், மடத்துக் கன்னியருக்கு வேதாகமப் பாடம் எடுக்கிறார். எபிரேயம் படித்தவர். இன்னாசியைவிட இளையவர். பாடம் முடிந்து வந்தவரை மறித்து, ஆமென் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன என்று கேட்டேன். பள்ளியில் மதர் சொல்லிக்கொடுத்த ‘அப்படியே ஆகுக’ போதவில்லை என்றேன்.

மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம். வெயிலில் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனார். உறுதியாய் இருப்பது, தாங்குவது – வேர் இதுதானாம். கதவைத் தாங்கும் நிலைக்கு அந்த வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. முளை அடித்தால் பிடுங்கிக்கொண்டு வராத இடத்தை இசையாஸ் தீர்க்கதரிசி அதே வேரால் சொல்கிறார். குழந்தையை மார்பில் ஏந்தி வளர்ப்பவளுக்கும் அதே வேர். மகன்களைப் பறிகொடுத்த மாமியார், மருமகள் ரூத் பெற்ற பிள்ளையை மடியில் போட்டு வளர்த்த இடத்தில் வருகிறதாம்.

இன்னாசிக்குப் பிள்ளை இல்லை. என் மடிக்கு வர ஒன்றும் மிச்சமில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

“அது செபத்துக்கு வால் இல்லம்மா,” என்றார். “அடுத்தவர் சொன்னதுக்கு நம்மளையே ஈடா வைக்கிறது. மோயீசன் சட்டத்துல, சாபம் வாசிச்சாலும் சனங்க ஒவ்வொண்ணுக்கும் ஆமென் சொல்லணும். புருசன் சந்தேகப்பட்ட பொம்பளை கசப்புத் தண்ணியக் குடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சொல்லணும்.”

மனதில் இல்லாமல் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“அதுக்குச் சொல்லாம இருக்கிறதே மரியாதை.”

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

13 ஜூன்
அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் வருகிறது. அதுதான் அருவருப்பு.

14 ஜூன்
நன்மை வாங்க எழுந்து போகவில்லை. மருமகள் ஆனந்தமேரி என்னைக் கடந்து போகத் தயங்கினாள். போ என்று கண்ணைக் காட்டினேன்.

21 ஜூன்
இன்றும் போகவில்லை. கோவில் வாசலில், எனக்குக் கேட்கட்டும் என்றே எதிர்வீட்டுச் சந்தியாகம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “கான்வென்ட்டுல படிச்சவுகளுக்குப் பாவங்கூட இங்கிலீசுலதான் வருமோ என்னமோ. நம்ம சாமியாருக்குப் புரியல போலருக்கு.”

நன்மை வாங்காதவள், சாமியாரிடம் சொல்லித் தீர்க்காத சாவான பாவத்தில் இருக்கிறாள் என்று கணக்கு. இந்த வயதில் நான் என்ன பாவம் செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பொழுதைப் போக்குவார்கள்.

26 ஜூன்
ஆனந்தமேரியின் அண்ணன் செம்பட்டியிலிருந்து வந்து அவளைத் தாய்வீட்டுக்குக் கூப்பிட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். போய்விடுவாள். போவதுதான் நியாயம்.

சோறு போடும்போது, ஏன் நன்மைக்குப் போகவில்லை என்று கேட்டாள். பொய் சொல்ல முடியாது என்றேன்.

“யார்கிட்ட, அத்தை?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

28 ஜூன்
போனேன். சந்தியாகம்மாள் வாயை அடைக்கப் போனேன், வேறு எதற்காகவும் இல்லை. வியாகப்பன் சாமிதான் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்று, கோர்புஸ் கிறிஸ்தி என்றார். காத்திருந்தார். வாயைத் திறந்தேன். மறுபடி, மெதுவாகச் சொன்னார்.

“இல்ல சாமி,” என்றேன்.

சத்தமாக இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது. பிறகு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். ஆனந்தமேரிதான். அவள் ஆமென் சொன்னது கேட்டது. எல்லோரும் பார்க்க என் இடத்துக்குத் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏன்டி போன? எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போன? வீட்டுலயே கெடந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் – இன்னாசி அம்மான்னு கும்பிடுற சனம், அத்தன பேரு முன்னாடியும்.

29 ஜூன்
எழுந்திருக்கவே மனமில்லை.

2 ஜூலை
வியாகப்பன் சாமி வந்தார். இந்த முறை எபிரேயம் பேசவில்லை. உதட்டை அசைத்தால் போதும், கேட்டதாக வைத்துக்கொள்கிறேன் என்றார். என் பொய்யை நீங்கள் சொல்ல வேண்டாம் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தலை குனிந்தபடி போனார். நல்ல பிள்ளை. அவர் முகத்தில் நான் போட்ட சுமை தெரிந்தது.

5 ஜூலை
கோவிலில் கடைசியில், கதவோரம் மண்டியிட்டேன். ஆனந்தமேரி பின்னாலேயே வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். முன்னால் போ என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் கிராதிக்குப் போனார்கள். அவள் அசையவில்லை. முழங்கையால் இடித்தேன். நீ என்ன பாவம் செய்தாய், உன் நன்மையை ஏன் விடுகிறாய் என்று அதட்டினேன்.

“நீங்க ஒத்தையில இருப்பீக,” என்றாள்.

திரும்பி வந்த சந்தியாகம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே போனாள். இனி இவளையும் சேர்த்துப் பேசுவார்கள். தாலி அறுத்து அரை வருடம்கூட ஆகாத பெண்ணைப் பற்றி என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கே செம்பட்டிக்குக் கிளம்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று, வீடு வரும்வரை வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

சொல்லவில்லை.