இரண்டாவது குண்டு

என் கோவக்கார நைனாவுக்கு,

உன்னைக் கொன்ற பன்றி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. போன வாரம்கூடச் சிங்கவரத்தில் நம் மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி, ஒரு பாத்தி விடாமல் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதே பன்றிதானா என்று கேட்பாய். உன் துப்பாக்கி ரவை பட்ட பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது. தம்பி அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைக் குத்தினான்.

உனக்கு ஒரு சேதி. நான் ரைஃபிள் வாங்கப் பேசி முடித்துவிட்டேன். காலேஜ் என்.சி.சி.யில் தொடங்கி மாநிலப் போட்டி வரைக்கும் அட்டைக் குறியைச் சுட்டவள் என்பதால் லைசென்ஸ் என் பேரில் கிடைத்தது. "எம் பொண்ணு அட்டைய சுடறதுல கெட்டிக்காரி" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவாயே, அந்த அட்டை இல்லாவிட்டால் லைசென்ஸே கிடையாது.

ஆனால் அட்டைக்காக நான் அதைக் கேட்கவில்லை. அந்தப் பன்றியின் மண்டை சிதறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி லைசென்ஸில் பன்றியைச் சுட்டால் கேஸ் ஆகும், லைசென்ஸ் போகும் என்று எல்லாம் தெரியும். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் நான் கொல்லைக்கு ஓடி வந்தபோது உன் வேட்டியில் வெள்ளை என்று ஓர் இடம் இல்லை. தொடையிலிருந்து அடிவயிறு வரை கோரைப்பல் கிழித்திருந்தது. தம்பி தன் சட்டையைச் சுருட்டி உள்ளே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் விரலிடுக்கு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆட்டோ செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உன் கை ஜில்லிட்டுவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "துப்பாக்கில ஒரே வெடி. ரெண்டாவது குண்டு இருந்திருந்தா மனுசன் பொழச்சிருப்பான்." உன் நாட்டுத் துப்பாக்கியில் குழாய்க்குள் மருந்தும் ரவையும் போட்டு இடித்து முடிப்பதற்குள் ஒரு பீடியே பிடித்துவிடலாம். அதனால் ரெண்டாவது குண்டு, ரெண்டாவது குண்டு என்று அதையே நினைத்துக்கொண்டு நானும் தம்பியும் மெட்ராஸுக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் வயசானவர். "வேட்டைக்காம்மா, போட்டிக்கா?" என்றார். "ரெண்டுக்கும்" என்றான் தம்பி. "வேட்டைன்னு சொன்னது என் காதுல விழல" என்று சொல்லிவிட்டு மேசைமேல் இரண்டு ரைஃபிளை எடுத்து வைத்தார்.

ஒன்று வழக்கமானது. அடுத்த குண்டை ஏற்ற அதன் போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். மற்றது வெளிநாட்டுச் சரக்கு, ஏதோ எஸ்டேட் பங்களாவிலிருந்து விலைக்கு வந்ததாம். அதில் தூக்குவதும் மடக்குவதும் கிடையாது. நேராக இழு, நேராகத் தள்ளு, அடுத்த குண்டு ரெடி. கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டும், கண் குறியை விட்டும் நகர வேண்டியதில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. இன்னும் நாலு தடவை இழுத்துத் தள்ளினேன் நைனா, சந்தோஷத்தில்.

தம்பி வாங்கிச் சுவரில் இருந்த காலண்டரைக் குறி பார்த்தான். குண்டில்லாத துப்பாக்கி, டிக்கென்றது. உடனே அதைத் தோளிலிருந்து இறக்கிக் காலை ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

"எறக்காதீங்க தம்பி. தோள்லயே வச்சி இழுங்க. அதுக்குத்தான் இந்த மாடல்" என்றார் கடைக்காரர்.

தலையாட்டினான். மறுபடியும் டிக். மறுபடியும் இறக்கினான், மறுபடியும் கால் முன்னால் போனது. அவனுக்கே அது தெரியவில்லை.

அது அச்சு அசல் நீ. அடிபட்டது யார் நிலத்தில் விழுகிறதோ அவருக்கு ஒரு தொடைக் கறி, அதுதானே நம் பக்கத்துப் பழக்கம். பக்கத்துக் கொல்லைப் பெரியப்பாவுக்கு அந்தத் தொடை போய்விடக் கூடாது உனக்கு. வெடித்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, பன்றி வரப்பைத் தாண்டுமுன் சாய்க்க அருவாளோடு ஓடுவாய். உன் பின்னால் ஓடி ஓடியே வளர்ந்தவன் அவன். உன் கையில் பத்துக் குண்டு இருந்திருந்தாலும் நீ ஓடித்தானே இருப்பாய்?

"இதே மாதிரி நேரா இழுக்கறதுல, சின்னக் குண்டு ரைஃபிள் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. ஆனா அது அட்டைக்குத்தான் ஆவும். பன்னிக்கெல்லாம் ஆவாது."

"அதான் வேணும்" என்றேன்.

தம்பி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்தனை பேர் பார்க்கக் கத்தினான். "நைனாவ கொன்னத உட்டுட்டு அட்டைய சுடப் போறியா? நீ அவருக்குத்தான் பொறந்தியா?"

ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"அடிக்கா. இன்னும் அடி. நான் அருவா எடுத்துக்கினு போவத்தான் போறேன்."

"போ. போயி அவரு மாதிரியே வயிறு கிழிஞ்சி கெட. கடையில இன்னா பண்ண தெரியுமா? டிக்குன்னதும் துப்பாக்கிய எறக்கிட்டு ஓடப் பாத்த. ரெண்டு தபாவும்."

"நானா?" என்றான். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். உதட்டைத் துடைத்துத் துடைத்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெல்லச் சொன்னான்.

"அன்னிக்கி நைனா என்னையதான் ஓடச் சொன்னாருக்கா. வரப்புகிட்ட போயிடுச்சி, ஓடுடா ஓடுடான்னாரு. தண்ணி பாய்ச்சின சேத்துல என் கால் மாட்டிக்கிச்சி. அதான் திட்டிக்கினே அவரே ஓடினாரு."

இவ்வளவு நாளாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். தன்னால்தான் நீ செத்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் அருவாள்.

நைனா, ஒரு தொடைக் கறிக்கு அவனையா ஓடச் சொன்னாய்? பன்றியாவது சுட்ட வலியில் திரும்பிப் பாய்ந்தது. உனக்கு என்ன வலி? அவன் கால் சேற்றில் மாட்டாமல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை நான் இப்போது யாருக்கு எழுதிக்கொண்டிருப்பேன்?

அழுது அழுது பார்க்கிறேன், கோபம் தீரவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் விழுந்த அந்த அறை உனக்குத்தான் விழுந்திருக்கும். அப்புறம் உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதும் இருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பன்றி வயசாகித் தானாகச் சாகட்டும். அதன் கறியை எவன் வேண்டுமானாலும் தின்னட்டும். நீ கனவில் வந்து ஓடுடா என்று கத்தினாலும் சரி, தம்பியை நான் ஓட விடமாட்டேன்.

உன்மேல் ஆறாத கோபத்தோடும் ஆறாத பாசத்தோடும்,
உன் மூத்த மகள், அவனுக்கு அக்கா.