கல் தூணுக்குள் கம்பி

பிப்ரவரி 6
டூரிஸ்ட் கம்பெனி சுரேந்திரன் என் மூன்றாவது வரைபடத்தையும் திருப்பிவிட்டார். ஆபீஸ் நடுவே முற்றம் மாதிரி வெளிச்சம், சுற்றிலும் கண்ணாடி அறைகள், படாக் மரத்தில் மெல்லிய தூண்கள். போதவில்லையாம். "மரம் இங்க எல்லா வீட்லயும் இருக்கு மேடம். அசலி கல்லு, நெசமான கல்லு வேணும். உள்ள வர்றவன் மண்டபத்துல நிக்கற மாதிரி இருக்கணும்."
இரண்டாம் மாடியில் கல்லா? அடிக்கடி பூமி ஆடுகிற இந்தத் தீவில்?
கான்ட்ராக்ட் என் கணவர் சிவபிரகாஷுடையது. "நீ வரை வைஜி. நிறுத்தறது என் வேலை."

பிப்ரவரி 9
வரைந்து கொடுத்தேன். துண்டு துண்டாக அடுக்கும் தூண், நடுவில் இரும்புக் கம்பி ஓடியே ஆகவேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதினேன்.

மார்ச் 21
காரைக்குடித் தூண்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சிவபிரகாஷ் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 24, ஞாயிறு
"கம்பி போட்டாச்சா?"
"போட்டாச்சு. எத்தன வாட்டி கேப்ப?"
கருங்கல்லுக்குப் பின்னால் கண்ணாடி, அதற்குள் கம்ப்யூட்டர் வெளிச்சம். நான் செய்ததிலேயே இதுதான் அழகு. ரிசப்ஷனில் உட்காரும் அமிர்தவல்லி, பாம்பூஃப்ளாட் ஊர்ப் பெண், சிரித்தாள். "போட்டோ பாத்துட்டு, கோயில்லயா வேலைன்னு அம்மா கேக்குறாங்க மேடம்."

ஏப்ரல் 17
பூமி ஆடியது. வீட்டில் ஒரு டம்ளர்கூட விழவில்லை. அங்கே தூண் விழுந்துவிட்டது. அமிர்தவல்லி காலில்.

ஏப்ரல் 18
அமிர்தவல்லியின் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
ஆபீசுக்குப் போய்ப் பார்த்தேன். உடைந்த கல்லில் துளை இருக்கிறது. கம்பி இல்லை. எந்தத் துண்டிலும் இல்லை.
"கம்பி வந்து சேரல. தேதி குடுத்தாச்சு, என்ன பண்ணச் சொல்ற? நீயும்தான அழகா இருக்குன்ன?"
அழகு என்று சொன்னேனே. ஐயோ, சொன்னேனே.

மே 2
விசாரணை. "டிசைன் என் மனைவியோடது சார்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. கம்பி இல்லாததை நான் சொன்னேன். திரும்பும்போது ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தோம்.

மே 3
யாரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் நான்?

ஜூன் 14
அவருடைய கான்ட்ராக்ட் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அவர் இன்று சென்னைக் கப்பலில், மதுரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு. "கப்பல் ஜெட்டி வரைக்கும் வர்றியா?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.
பொய்யில்லை. அமிர்தவல்லி வீட்டுக் குளியலறையில் கைப்பிடி எங்கெங்கே வரவேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தேன். கப்பலின் ஹார்ன் கேட்டது. இழுத்துக்கொண்டிருந்த கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.