வெல்லக் கையும் ஒரு சொட்டு ரத்தமும்

என் அருமை அண்ணிக்கு,

இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் இல்லை. ஆனால் கரும்பு அதற்காகக் காத்திருக்குமா? பாகூரில் நல்ல விளைச்சல். அண்ணன் எப்போதும்போல வெல்லம் காய்ச்சும் கொட்டகையே கதி என்று கிடக்கிறார்.

நீங்கள் போனபிறகு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை பார்ப்பதை நிறுத்திவிட்டார். "அவ குத்தினா வலிக்காது. நீ குத்தினா உசுரு போவுது" என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார். அதே ஊசிதானே அண்ணி! உங்கள் சிறுநீரகத்தைக் கெடுத்து உங்களைக் கொண்டுபோன நோய் அவருக்கும் இருக்கும்போது, நான் வில்லியனூரில் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், சர்க்கரை பார்க்கும் உங்கள் மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே போனேன். சூடு ஆறுவதற்குள் வெல்லத்தை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வேண்டாவெறுப்பாக விரலை நீட்டினார்.

நானூறுக்கு மேல் காட்டியது.

"இன்னாடி காட்டுது?"

சொன்னேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புண்ணா."

"வுடுடி. உங்கண்ணி போன வழிதான் எனக்கும். சீக்கிரம் போனா சந்தோஷம்தான்."

ரொம்ப நேரம் காத்திருந்த பஸ் வந்துவிட்டதுபோல, அவ்வளவு அமைதியாகச் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நாங்களெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லையா?

எழுப்புவதற்காக அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் கையும் பிசுபிசுத்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் சென்சார் செய்வதுதான் என் பிழைப்பு. மீட்டரில் செருகும் அந்தச் சின்னப் பட்டையில் ஒரு நொதி இருக்கிறது, அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது வரும் துளி மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது என்று பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். அந்த நொதிக்கு ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸ் எது, விரலில் ஒட்டிய வெல்லத்தின் குளுக்கோஸ் எது என்று எப்படித் தெரியும்? துண்டில் துடைத்தால் அந்தப் பிசுக்கு போகுமா?

அண்ணனை மோட்டார் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். குழந்தைக்குக் கழுவுவதுபோல சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். நூற்று முப்பது.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் வெல்லக் கொட்டகையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்போ வெல்லத்துக்குத்தான் சக்கரையா?" என்று அண்ணனும் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சிரித்து முடித்ததும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா? எதுக்கும் இன்னொரு தபா பாருடி."

உயிரை விடத் தயாராக இருந்த மனிதர், தானாகவே அடுத்த விரலை நீட்டினார் அண்ணி.

இப்போது காலையில் அவரே கை கழுவி, அவரே குத்திக்கொண்டு, போனில் எனக்கு எண்ணைச் சொல்கிறார். வலிக்கிறது என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன். அவரை இப்போதைக்கு உங்களிடம் அனுப்பப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் கொஞ்ச காலம் அங்கே தனியாகவே இருங்கள்.

அண்ணனை விட்டுக்கொடுக்காத உங்கள் நாத்தனார்,
செல்வி