நீ தனியாக வைத்துவிட்டுப் போன கோப்பு

இன்று காலை எடைமேடை அறையின் பழைய கம்ப்யூட்டரை, பதிவுகளை நகலெடுப்பதற்காகக் கடைசி முறையாகப் போட்டேன். சூடேறிய தூசி வாடையும் எண்ணூர் சாலையின் டீசல் வாடையும் சேர்ந்து வந்தன. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ இறந்து நாற்பது நாளாகிறது, இன்னும் பார்க்கிறேன்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நாம் இருவர்தான் பெண்கள். லாரிகளை எடைபோடும் புரோகிராமை எழுதியவள் நீ, சீட்டு அடித்துக் கொடுத்தவள் நான். எனக்கு வரன் வந்த வாரம், பொருத்தம் பார்க்கலாமென்று நடைபாதைக் கடையில் ஒரு ஜாதக சிடி வாங்கி, நீ சாப்பிடப் போன நேரத்தில் இந்த மெஷினில் ஏற்றினேன். பாதியில் ஒரு கேள்வி வந்து நின்றது: இங்கிருக்கும் கோப்பு புதியது, சிடியில் உள்ளது பழையது, இருப்பதையே வைத்துக்கொள்ளவா? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. படிக்காமலே ‘வேண்டாம்’ என்று தட்டினேன்.

மறுநாள் உன் புரோகிராம் திறக்கவில்லை. லாரிகள் கேட்டைத் தாண்டிச் சாலைவரை நின்றன. பல புரோகிராம்கள் பங்கிட்டுக்கொள்ளும் கோப்புகள் இருக்கும் விண்டோஸின் பொது ஃபோல்டரைத் திறந்து, உன் புரோகிராமுக்கு வேண்டிய கோப்பின் தேதியைப் பார்த்தாய்.

“நேத்து வரிக்கும் புதுசு இருந்துச்சு. இன்னிக்குப் பழசு கீது. அது இன்னா, தானா நடந்தா வரும்?” என்று என்னைப் பார்த்தாய்.

நான் சன்னல் வழியாக ஒரு லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் ஃப்ளாப்பியிலிருந்து சரியான கோப்பை எடுத்தாய். அதைப் பொதுவில் போடாமல் புரோகிராமின் சொந்த ஃபோல்டரிலேயே போட்டாய். “மொதல்ல தன் வூட்லதான் தேடும்டி. அங்க இல்லாங்காட்டிதான் பொதுவுக்குப் போவும். இனிமே அங்க யாரு இன்னா மாத்தினாலும் இதுக்குப் பேஜாரு இல்ல.”

புரோகிராம் ஓடியது. மேனேஜர் ஓயவில்லை. “உன் புரோகிராம நம்பித்தானே வண்டியெல்லாம் ரோட்ல நிக்குது?” என்று கத்தினார். நீ என் பக்கம் திரும்பினாய். நானே சொல்வேன் என்று காத்திருந்தாய். எனக்கு வாயில் கொழுக்கட்டை. கல்யாணப் பேச்சு நடக்கும்போது வேலை போனால் என்னாவது என்று மட்டும் யோசித்தேன். சனிக்கிழமையோடு உன்னை நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கேட்டருகே பையை மாட்டிக்கொண்டு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: “ஜாதகம் பொருந்திச்சா?”

தலையாட்டினேன். அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை. நீ இருந்த தண்டையார்பேட்டை எத்தனை தூரம்? ஒரு பஸ். ஒன்பது வருடமாக அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

புரோகிராம் மட்டும் தினமும் காலையில் உன் கோப்பைத் தேடிப்போய் எடுத்தது. ஒவ்வொரு முறை அது திறக்கும்போதும் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உன் தம்பி போனில் செய்தி சொன்ன மறுநாள் மேனேஜரிடம் போனேன். சிடி, நான் தட்டியது, நீ வாய் திறக்காதது, எல்லாம் சொல்லி அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்தப் பொண்ணும்மா?”

“எடைமேடை புரோகிராம் எழுதினவ சார்.”

“அதுவா? அது ஒரு நாளும் மக்கர் பண்ணதே இல்லியே.”

அவருக்கு நீயும் நினைவில்லை, உன் மேல் போட்ட பழியும் நினைவில்லை. அந்த நாளை நினைவில் வைத்திருந்தவர்கள் நாம் இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான்.